கட்டில் இருக்கும்வரை

பஞ்சர் ஒட்டி முடிக்க எப்படியும் நேரமாகும், ஜெனிட்டா. பொன்ராசு அண்ணன் வேன் டயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். டீக்கடைக்குள் போனால் பேப்பரில் வரி விளம்பரம் வரைக்கும் படிக்காமல் எழுந்திருக்க மாட்டார். நீங்கள் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். அங்கே இருந்தால் லாரி போகும்போதெல்லாம் புழுதி அடிக்கும்.

காலையிலிருந்து நீங்கள் எவ்வளவு கேள்வி கேட்டுவிட்டீர்கள். நான் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான். பி.காம் படித்த மூன்று வருடமும் கடைசி பெஞ்சுதான். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், குரல் வராது. மேடமே பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பேசத்தான் வராது, பார்ப்பேன். யார் செருப்புக்கு ஊக்கு மாட்டியிருக்கிறார்கள், யார் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

அதனால்தான் இந்த வேலை எனக்குச் சரியாக இருந்தது. வீடு வீடாகப் போகிற வேலை. இப்போது அது உங்களுக்கு வந்திருக்கிறது, வீடு காட்டத்தான் இன்றைக்கு நானும் கூட வந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அரிசி, பருப்பு பொட்டலம் போடுவதும் வேலைதான். ஃபேன் இருக்கிறது. ஆனால் ஏன் மாற்றினார்கள் என்று உங்களுக்கு யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். ரோஸ்லின் சிஸ்டர் சொல்லியிருப்பார்கள். சொல்லவில்லையா? சரி, சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதலில் டிரஸ்ட் எப்படி ஆரம்பித்தது என்று தெரியுமா? அய்யலுசாமி சாருக்கு மெயின் ரோட்டில் மருந்துக்கடை. அவருடைய சம்சாரம் ரொம்ப நாள் படுக்கையிலேயே கிடந்தார்கள். அவர்களுக்காக வாங்கிய கட்டில், தலைமாட்டைக் கைப்பிடி சுற்றி உயர்த்துகிற கட்டில், அவர்கள் போன பிறகு வீட்டில் கிடந்தது. சாருக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கடைக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் தன் அப்பா கிடக்கிற கிடையைச் சொல்லி அழுதார். எடுத்துக்கொண்டு போங்கள், வேலை முடிந்ததும் கொண்டுவந்து கொடுங்கள் என்று சார் கொடுத்துவிட்டார். அப்படி ஒரு கட்டில், பிறகு சக்கர நாற்காலி, காற்று மெத்தை. புண் வராமல் இருக்க மோட்டார் வைத்த மெத்தை, பார்த்திருப்பீர்களே. வாடகை கிடையாது. இரவல்தான். ஒரே விதி, ஆள் போனதும் கட்டில் திரும்பி வரவேண்டும். அடுத்த வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்கள்.

திருப்பி எடுக்கிற வேலை என்னுடையது. காரியம் முடிகிற வரைக்கும் விட்டுவிட்டு, அப்புறம் போய் எடுக்க வேண்டும். நான் போனால் சண்டை வராது. வாசலில் போய் நிற்பேன், அவ்வளவுதான். நான் நிற்பதைப் பார்த்ததும் அவர்களே உள்ளே கூப்பிட்டுக் கட்டிலைக் காட்டுவார்கள். சில வீட்டில் காலை நீட்டி அதில் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். எழுப்பச் சங்கடமாக இருக்கும். எழுந்திருக்கும் வரைக்கும் நிற்பேன். சார் சொல்வார், உமா பேசாமலேயே வேலையை முடித்துவிடுகிறாள் என்று.

போன வருடம் ஒரு மில்காரர் நன்கொடை கொடுத்தார். டிரஸ்ட் பெரிசானது. நர்ஸாக ரோஸ்லின் சிஸ்டர் வந்தார்கள், வேன் வந்தது, மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை டாக்டர் வந்தார். ஆயுத பூஜையை ஒட்டி ஒரு கூட்டம் போட்டார்கள். கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். சார் மைக்கில் சொன்னார். ஒருவர் படுத்தால் வீடே படுத்துவிடுகிறது. இனிமேல் நோயாளியை மட்டும் பார்க்கப் போவதில்லை, குடும்பத்தையே பார்க்கப் போகிறோம். கட்டில் போகிற வீட்டுக்கெல்லாம் இனி அரிசியும் போகும், பிள்ளைகள் படிப்புக்கும் உதவி போகும். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு கேள்வி வந்தது. அப்படியானால் கட்டில் திரும்பி வந்தபிறகு? அரிசி நின்றுவிடுமா?

பாருங்கள், எனக்குத் தோன்றியிருக்கிறது. கையைக்கூடத் தூக்கிவிட்டேன். சார் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தூக்கிய கையால் தலைமுடியைச் சரிசெய்து கீழே இறக்கிவிட்டேன். வேறு யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு பேர் இருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றுதானே அர்த்தம்? கட்டில் இருக்கும்வரை அரிசி. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நல்லமுத்தன்பட்டியில் சீனியம்மாள் என்று ஒருவர். சீனியக்கா என்றுதான் கூப்பிடுவேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை பார்த்தவர். மார்பில் கட்டி வந்து, எடுத்து, பிறகு எலும்புக்குப் போய்விட்டது. புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரே மகள், செண்பகவல்லி. அந்த வருடம் பிளஸ் டூ. ஒரு அறைதான் வீடு. கட்டிலைப் போட்டதும் மிச்சம் இருந்த இடத்தில் அவள் பாயை முழுதாக விரிக்க முடியாது. பாதி மடக்கி விரித்துக்கொள்வாள்.

கட்டிலை இறக்கிய அன்றைக்குச் சீனியக்கா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. தலைமாட்டைச் சுற்றி உயர்த்திக் காட்டினோம். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்குக்கூட எனக்குக் கட்டில் போடல தாயி. சாகுறதுக்குப் போட்டிருக்காக” என்றார். பொன்ராசு அண்ணன் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். அப்படிப்பட்ட ஆள். என்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருப்பார். இந்தப் பிள்ளையைக் கட்டிக்கப்போறவன் குடுத்து வச்சவன், வீட்டுல சத்தமே இருக்காது என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அந்த வீட்டுக்குப் போவதென்றால் எனக்குப் பிடிக்கும். பேசாதவளைக் கேலி பண்ண வேண்டுமென்றால் முதலில் அவளைப் பார்க்க வேண்டும் இல்லையா? என்னை அப்படிப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

தீபாவளிக்கு அப்புறம் அவர் மாறிவிட்டார். கஞ்சி வேண்டாம் என்பார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். செண்பகவல்லி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள், ஸ்கூலுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் அவள் போன பிறகு என்னிடம் சொன்னார், போதும் தாயி, இந்த உடம்பை வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைக்குப் பாரமா இருக்கேன், சாமி எடுத்துக்கிட்டா நல்லது என்று.

நான் என்ன சொல்வேன்? எனக்குப் பேச வராது. ரோஸ்லின் சிஸ்டராக இருந்தால் பைபிளிலிருந்து ஏதாவது சொல்லியிருப்பார்கள், அல்லது அதட்டியிருப்பார்கள். நான் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். அப்போது மூலையில் அரிசிப் பை கண்ணில் பட்டது. அந்த மாதம் நாங்கள் கொடுத்த பை. உடனே எனக்குச் சொல்லத் தோன்றிவிட்டது.

“அப்படிச் சொல்லாதீங்க அக்கா. நீங்க இருக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டுக்கு அரிசி வரும். செண்பகம் படிப்புக்குக் குடுக்கிறதும் அப்படித்தான். நீங்க இருக்கணும்.”

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் போனா நின்னுருமா என்று கேட்டார். நின்னுரும் அக்கா என்றேன். பிறகு அந்தக் கஞ்சியை எடுத்துத்தரச் சொன்னார். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தார். கடைசி மடக்கு இறங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு இறக்கினார்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வேனில் வரும்போது பொன்ராசு அண்ணன் என்னம்மா இன்னைக்குச் சிரிச்ச முகமா இருக்க என்று கேட்டார். நான் பேசி ஒரு ஆள் சாப்பிட்டிருக்கிறார். நான் பேசி. அடுத்த கூட்டத்தில் சாரே சொன்னார், சீனியம்மாளுக்கு உமா என்ன சொன்னாளோ தெரியவில்லை, அந்த அம்மா மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

செண்பகவல்லியின் மாமா ஒருவர் உண்டு, சீனியக்காவின் தம்பி. பொங்கலுக்கு வந்தார். வாசலிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டு, படிச்சது போதும், மில்லுல சேத்து விடுறேன், ஹாஸ்டல்லயே சோறு போடுதான் என்றார். சீனியக்கா உள்ளேயிருந்து பதில் கொடுத்தார். எம்புள்ளைக்குச் சோறு எங்கிட்டயே இருக்கு, ஒன் மில்லுச் சோறு வேண்டாம். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். மாமா போன பிறகு சீனியக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மார்ச்சு வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருவேன் தாயி, பரீட்சை முடிஞ்சிரட்டும் என்றார். எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் மாதிரி இருந்தது அது.

ஆனால் வலி அதிகமாகிவிட்டது. எலும்பு வலி எப்படி இருக்கும் என்று சிஸ்டர் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். மதுரை டாக்டர் மார்பின் என்கிற வலி மாத்திரை எழுதியிருந்தார். அதைக் கொடுத்தால் வலி அடங்கிவிடும், தூங்குவார்கள், எழுந்து பேசுவார்கள், நான் மற்ற வீடுகளில் பார்த்திருக்கிறேன். சீனியக்காவுக்கு மட்டும் வலி அதற்குக் கேட்கவில்லை. சிஸ்டர் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் கேட்கவில்லை. சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார்கள். இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி என்று என்னிடமே கேட்டார்கள்.

சீனியக்கா சத்தம் போட மாட்டார். மகள் படித்துக்கொண்டிருப்பாள் இல்லையா, கட்டிலுக்குக் கீழேயே பாயில் உட்கார்ந்து. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வார். விரல்கள் மட்டும் போர்வையில் ஓடிக்கொண்டே இருக்கும். குச்சியை அள்ளி, தட்டிச் சமப்படுத்தி, பெட்டிக்குள் வைத்து, மூடி, அடுத்த பெட்டி. அதேதான். வலி ஏறினால் கை வேகமாகும். செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தால் உடனே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். அவள் குனிந்ததும் மறுபடி வெளியே வரும். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாத்திரை விஷயமும் நான் பார்த்தேன். சிஸ்டர் கொடுத்ததும் தண்ணீர் குடிப்பார், வாயைத் திறந்து காட்டுவார். ஆனால் கன்னத்தின் ஓரம் கொஞ்சம் உப்பியிருக்கும். சிஸ்டர் அதற்குள் பையை மூடிக்கொண்டிருப்பார்கள். பிறகு முகத்தைத் துடைக்கிற மாதிரித் துண்டை வாயில் ஒற்றிக்கொள்வார். கசப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நோயாளியைப் பற்றிப் போய்க் கோள் சொல்வார்களா யாராவது? என்னால் முடியாது.

ஒருநாள் என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கேட்டார். தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். “இந்த மாத்திரை கடைசியில குடுக்கிறதாமே? தின்னா சீக்கிரம் கொண்டுபோயிருமாமே? அப்படியா தாயி?”

தெரியலையே அக்கா, சிஸ்டர்ட்ட கேட்டுச் சொல்றேன் என்றேன். கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் சிஸ்டர் எப்படி என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒன்று கேட்டால், இத்தனை நாள் கூட வர்ற, இது தெரியாதா உனக்கு என்பார்கள். பொன்ராசு அண்ணன் முன்னாலேயே சொல்வார்கள். ஒவ்வொரு முறை வேனில் ஏறும்போதும் இன்றைக்குக் கேட்டுவிடுவோம் என்று நினைப்பேன். சிஸ்டர் போனில் பேசிக்கொண்டு வருவார்கள். சரி, இறங்கும்போது கேட்போம். இறங்கும்போது பை, டப்பா, கையுறை என்று அவசரம். சீனியக்காவும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எப்படியாவது கேட்டுச் சொல்லியிருப்பேன்.

மார்ச்சு வந்தது. பரீட்சை நடந்தது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த அம்மா இருந்தார். டாக்டர் ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டார். எலும்புதான் மிச்சம். பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு பரீட்சை அன்றும் செண்பகவல்லி குனிந்து போயிட்டு வாரேம்மா என்று சொல்லும்போது கண் திறக்கும். மன உறுதி என்றால் என்ன என்று நான் அங்கேதான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு எங்கும் பார்த்ததில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து அந்த வாரமே போய்விட்டார். கைவேலையை முடித்து வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

காரியம் முடிந்து கட்டில் எடுக்கப் போனோம். சிஸ்டரும் வந்தார்கள், மிச்ச மருந்தைத் திருப்பி வாங்க வேண்டும். செண்பகவல்லி ஓரமாக நின்றாள். மோட்டாரைக் கழற்றிவிட்டு நானும் பொன்ராசு அண்ணனும் மெத்தையைச் சுருட்டினோம். காற்று இறங்க இறங்க, மடிப்புகளுக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ விழுந்தது. பல் மாதிரி இருந்தது முதலில். தரையில் உருண்டு போனது. சில மாத்திரை எச்சில் பட்டுக் கரைந்து மெத்தையோடு ஒட்டியிருந்தது. சில முழுசாக இருந்தது.

சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட முழுங்கலையா, ஒன்றுகூட முழுங்கலையா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதட்டுகிற சிஸ்டர், அவர்கள் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு நாளும் மருந்தே இல்லாமலா கிடந்தது இந்த மனுஷி என்றார்கள்.

செண்பகவல்லி அழவில்லை. தரையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பிறகு, இனிமே அரிசி வராதுல்ல சிஸ்டர் என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், தெரிந்துகொள்வதற்காக.

“யாரு சொன்னா வராதுன்னு? சார் அப்படிச் சொல்லவே இல்லையே. நீ படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போற வரைக்கும் வரும். உங்க அம்மா இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். அதுக்குத்தானே இந்தத் திட்டமே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாருங்கள் ஜெனிட்டா, எங்களில் ஒருவருக்கும் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டாமா? கூட்டத்திலேயே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் முடிந்தது. பெரிதாக ஒரு காரியம் ஆரம்பிக்கிறவர்கள் விவரமாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு போகிற எனக்கே தெரியவில்லை என்றால் அது யாருடைய தப்பு? நான் இதை இதுவரைக்கும் சாரிடம் கேட்கவில்லை. கேட்க வராது எனக்கு.

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செண்பகவல்லியும் பார்த்தாள். நான் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேனில் சிஸ்டர் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில். என்னோடு பேச்சை நிறுத்தியது அன்றையிலிருந்துதான்.

அடுத்த மாதம் அரிசி கொண்டுபோகும்போது நான் மட்டும்தான் போனேன். பொன்ராசு அண்ணன் வேனைத் தெருமுனையில் நிறுத்தினார், நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். கட்டில் இல்லாத வீடு பெரிசாகத் தெரிந்தது. பாய் முழுதாக விரித்திருந்தது. செண்பகவல்லி உலை வைத்திருந்தாள். பையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, என் முன்னால் வந்து நின்றாள்.

“அம்மா இருக்கிற வரைக்கும்தான் அரிசின்னு நீங்களா அக்கா சொன்னீக?”

ஆமாம் என்றேன். பொய் சொல்வானேன்? அம்மா மனசு விட்டுட்டாங்க, ஒரு பிடிப்பு வேணும்ல, அதான் சொன்னேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சார்ட்ட கேட்டுட்டா சொன்னீக என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சோறு பொங்கிவிட்டது, இறக்கப் போய்விட்டாள்.

பிறகு வந்து, உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க என்றாள். வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் வரவில்லை. தட்டு வைத்துவிட்டாள். நாங்கள் கொடுக்கிற அரிசிதான், வீடு வீடாகக் கொண்டுபோகிறவர்களுக்குப் பார்த்தாலே தெரியுமே. ரசம், ஒரு துவையல். வட்டித்தாள். சாப்பிட்டேன். தட்டில் தீரத் தீர அள்ளி வட்டித்தாள். எனக்குப் போதும் என்று சொல்ல வராது, உங்களுக்குத்தான் தெரியுமே. கையை மட்டும் தட்டுக்கு மேலே இப்படி வைத்தேன். அவள் கையை ஒதுக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டாள். எனக்கு மூச்சு முட்டியது. அவள் சாப்பிடவில்லை. எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நான் ஒவ்வொரு வாயும் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா இந்தச் சோத்துல ஒரு பருக்கை தின்னதில்லக்கா. கஞ்சித் தண்ணிதான். இதுக்காகத்தான் அப்படிக் கிடந்தா.”

ஆமா செண்பகம், அவங்களுக்குப் பெரிய மனசு என்றேன்.

நான் தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். கை கழுவச் செம்பில் தண்ணீர்கூட ஊற்றினாள். தெருமுனை தாண்டியதும் வேனை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்துவிட்டேன். அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் அப்படித்தான் ஆகும்.

அந்த வாரமே சார் கூப்பிட்டார். கத்தவில்லை. சார் கத்துகிறவர் இல்லை. கொஞ்ச நாள் ஸ்டோரைப் பார்த்துக்கொள் உமா என்று மட்டும் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மேஜை மேலிருந்த மருந்து அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரி சார் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. சிஸ்டர் போய்ச் சொல்லியிருப்பார்கள். செண்பகவல்லி சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்தால் இலை போடுகிற மாதிரித் தட்டு போட்டு, அப்படி அள்ளி அள்ளி வட்டிப்பாளா? நீங்களே சொல்லுங்கள். கோபம் இருக்கிறவர்கள் சோறு போடுவார்களா?

ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்? காலையிலிருந்து அத்தனை கேள்வி கேட்டீர்கள்.

சரி, அதோ பொன்ராசு அண்ணன் வருகிறார். டயர் மாட்டியதும் கிளம்பிவிடலாம். அடுத்தது நல்லமுத்தன்பட்டிதான். பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சந்து, கடைசி வீடு. இன்றைக்குச் சனிக்கிழமை, அவளுக்குக் காலேஜ் இருக்காது. நல்ல மார்க் வாங்கி கோவில்பட்டியிலேயே சேர்ந்துவிட்டாள். பையைக் கையில் கொடுங்கள், கீழே வைக்காதீர்கள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். போதும் என்று சொல்லத் தெரியும்தானே உங்களுக்கு?

நான் வேனிலேயே இருக்கிறேன். அந்தத் தெருவில் வேன் திரும்பாது, யாராவது ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும். பொன்ராசு அண்ணன் இருப்பார்தான். நானும் இருக்கிறேன். என்னைப் பற்றி அவள் ஏதாவது கேட்டாள் என்றால், வந்து என்னிடம் சொல்லுங்கள். நீங்களாக ஒன்றும் கேட்க வேண்டாம்.

கேட்க மாட்டாள். இருந்தாலும் சொல்கிறேன்.